ஹுவாங் மான்சோலின் முகவரி

மிரான் என்னிடம் கேட்டுக்கொண்டது முதலிலா, நான் அந்த நான்கு எண்களைத் தட்டியது முதலிலா என்று எனக்கு நிச்சயமாக நினைவில்லை. ஒவ்வொரு முறை யோசிக்கும்போதும் வரிசை மாறுகிறது.

புப்யோங் பகுதியில் எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள். நான் 301. கணவனிடமிருந்து தப்பி வந்த பாங் மிரான் 302. அவளுடைய பார்சல்கள் ஹுவாங் மான்சோல் என்ற பெயரில் வரும். தனியாக இருக்கும் பெண்கள் இங்கே இப்படி ஒரு முரட்டு ஆண்பிள்ளைப் பெயரை வைத்துக்கொள்வதுண்டு.

"உங்க வீட்டுக்காரருக்குப் பார்சல்" என்பேன்.

"தூங்குறாரு அக்கா. எழுப்பினா கடிப்பாரு."

தொலைபேசி எண்ணை மட்டும் அவள் மாற்றவில்லை. மறதி நோயில் கிடக்கும் அவள் அம்மாவுக்கு அந்த ஒரு எண்தான் நினைவிருந்தது.

"அக்கா, கீழ் கதவைத் திறக்குற நம்பரை மட்டும் எந்த ஆப்புலயும் போட்றாதீங்க" என்று ஒருநாள் சொன்னாள். அவள் கீழே இறங்கித்தான் பார்சல் வாங்குவாள். எனக்கு முழங்கால் வலி. பார்சல் பையன் மேலே கொண்டுவந்து வைக்கட்டும் என்று ஆப்பில் முகவரிக் குறிப்பில் எண்ணை எழுதியிருந்தேன்.

வேலையை விட்டுப்போன ஒருவனின் கடவுச்சொல்லை அந்தப் பார்சல் ஆப் நிறுவனம் ஐந்து மாதம் ரத்து செய்யவில்லை. அதன் வழியே லட்சக்கணக்கானவர்களின் விவரங்கள் வெளியே போயின. எங்களுக்கு ஒரு மன்னிப்புக் குறுஞ்செய்தியும் தள்ளுபடிக் கூப்பனும் வந்தன.

ஒரு ஞாயிறு மதியம் மிரான் வீட்டு மணி அடித்தது. கீழிருந்து அழைப்பு வராமல் நேராக வீட்டு மணி அடித்தால் அது நான்தான். கடற்பாசி சூப் கொண்டுவந்திருப்பேன் என்று கதவைத் திறந்தாள். அவள் கணவன் நின்றிருந்தான்.

காவல் நிலையத்தில், அவன் கைப்பேசியில் இருந்த, கசிந்த பட்டியலை அச்செடுத்துக் காட்டினார்கள். அவளுடைய தொலைபேசி எண்ணுக்கு நேரே மான்சோல், எங்கள் முகவரி. கதவுக் குறிப்பு காலி. அடுத்த வரியில் என் பெயர். நான்கு எண்கள்.

நான் அதை எழுதிய தேதியைக் கேட்க நிறுவனத்தை அழைத்தேன். எனக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. நான்தான் என்பதற்கு அடையாளமாகப் பெயர், பிறந்த தேதி, முகவரி சொல்லச் சொன்னான் ஒருவன்.

"நீயே படிச்சுச் சொல்லுப்பா. ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

அவன் பொறுமையாகக் காத்திருந்தான். சொன்னேன். எந்தக் குறிப்பு எப்போது பதிவானது என்பது உள்விவரம், பாதுகாப்புக் காரணங்களுக்காக வெளியே தர இயலாது என்றான்.

வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான். கைப்பேசியைச் சுவரில் எறிந்தேன்.

மிரானின் முறிந்த இடது கை சரியாகக் கூடவில்லை. வேறு ஊருக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் அம்மா மார்ச்சில் இறந்தார். கணவனுக்குப் பதினான்கு மாதச் சிறை, அடுத்த இலையுதிர் காலத்தில் வெளியே வருவான். நிறுவனம் அபராதம் கட்டிவிட்டு நடக்கிறது. கட்டடத்தின் கதவு எண்ணை மாற்றினோம்; பத்து நாளில் புதிய எண்ணை யாரோ மின்மீட்டர் பெட்டிமேல் பென்சிலால் எழுதியிருந்தார்கள். அழித்தேன், மறுபடி எழுதியிருக்கிறார்கள். நான் படியிறங்கிப் போய்ப் பார்சல் வாங்கிக்கொள்கிறேன்.