தம்ளரில் பித்தம்

தெருவே அந்த அம்மாளைச் சோப்பம்மா என்றுதான் சொல்லும். கழுவிய தம்ளரை மறுபடி கழுவி, வெயிலில் கவிழ்த்து, மோந்து பார்த்த பிறகே வாயில் வைப்பாள். மருமகளோ மீன் கடையில் மீன் சுத்தம் செய்து வெட்டிக் கொடுக்கிறவள். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் கை பட்ட தண்ணீரை மாமியார் குடித்ததில்லை. கவுச்சியாம்.

அப்பேர்ப்பட்ட சோப்பம்மாவின் விலாவிலிருந்து இப்போது ஒரு குழாய் தொங்கியது. பித்தப்பையில் இருந்த கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்துக்கொண்டதில் கண், நகம், தோல் எல்லாம் மஞ்சளாகி, மலம் சுண்ணாம்பாக வெளுத்து, சொறிந்து சொறிந்து உடம்பே புண்ணாகி, அடைப்பில் சீழ் பிடித்துக் காய்ச்சலோடு கிடந்தாள். டாக்டர் ஈரலுக்குள் குழாய் விட்டுப் பித்தத்தை வெளியே ஒரு பைக்குத் திருப்பினார். சீழ் நின்றது, காய்ச்சலும் விட்டது. பித்தம் மட்டும் நின்றபாடில்லை. அதோடு உடம்பின் நீரும் உப்பும் வெளியே போய், மனுஷி வற்றலாக ஒடுங்கிப்போனாள்.

பையைக் காலி செய்வது யார்? மகன் ஒரு தடவை எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அவனுக்கு இளகிய மனசு என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். மருமகளுக்கு மட்டும் கடவுள் மூக்கு வைக்கவில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஏதோ கஷாயம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். பையில் சேருவதை எல்லாம் கொட்ட வேண்டாம், ஒரு பங்கை வடிகட்டி, குளிரவைத்து, பழச்சாற்றில் கலந்து அம்மாவே குடிக்க வேண்டும். குடலுக்குப் பித்தம் திரும்பினால்தான் உடம்பு தேறும், சிறுநீரகம் பிழைக்கும். இல்லாவிட்டால் கல்லை எடுக்கும் ஆபரேஷனுக்கு அவர் கத்தியைத் தொட மாட்டார். ஆபரேஷன் இல்லையென்றால் ஆள் இல்லை என்பதை நர்ஸ் வெளியே வந்து சொன்னாள்.

மருமகளுக்குப் பித்தம் புதிதல்ல. மீன் வயிற்றைக் கிழிக்கும்போது அந்தப் பச்சைப் பை உடைந்தால் சதையெல்லாம் கசக்கும், கடைக்காரர் கத்துவார். ஆனால் அது ஒரு சொட்டு. இது செம்பு செம்பாக வந்தது. கரும்பச்சையாக, நூல் விட்டுக்கொண்டு, அடியில் மண்போல் கசடோடு வந்தது. வடிகட்டியில் சளி மாதிரி ஏதோ தங்கி ஆடியது. நேற்றுவரை டீ வடிகட்டிய வடிகட்டி அது. அன்றோடு அவள் டீயைத் தலைமுழுகினாள்.

சோப்பம்மா தம்ளரைப் பார்த்ததும் வாயைப் பூட்டிக்கொண்டாள். மகன் கதவுக்கு வெளியே நின்றே கெஞ்சினான். தினமும் எல்லாம் சாக்கடைக்குப் போனது. கன்னம் ஒட்டியது, நாக்கு பலகையாகக் காய்ந்தது, மூத்திரம் சொட்டுச் சொட்டாகச் சுருங்கியது. வாரக் கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்து முடிவு சொல்வார்கள். அதுவரை இப்படியே விட்டால் முடிவைக் கேட்கவே வேண்டாம்.

"குடிச்சிடுங்க அத்தை. உங்களுக்குள்ள இருந்ததுதானே?"

"உள்ள இருக்கிறதெல்லாம் குடிக்கிறதுக்கா? நீ குடிப்பியா?"

"நான் குடிச்சா நீங்க குடிப்பீங்களா?"

மாமியார் யோசித்துவிட்டுச் சரியென்று தலையை ஆட்டினாள்.

மருமகள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் விழுங்கினாள். பழச்சாறு முதலில் வந்து ஏமாற்றியது. அப்புறம் கசப்பு நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டது. சோப்புத் தண்ணீரில் மீன் குடலை ஊறவைத்துக் குடித்தால் இப்படித்தான் இருக்கும். விழுங்கியது அப்படியே திரும்பி வந்தது. பல்லைக் கடித்து உள்ளேயே அமுக்கினாள்.

"இப்ப நீங்க," என்று தம்ளரை நீட்டினாள்.

மாமியார் அதன் விளிம்பையே முறைத்தாள்.

"எச்சில் பண்ணிட்டியே. இதை நான் எப்படிக் குடிக்கிறது?"

தம்ளரை அந்தத் தலையிலேயே கவிழ்த்தால் என்ன என்று மருமகளுக்குத் தோன்றியது. தன் விலாவில் வடிகிற கழிசடை பரவாயில்லை, மருமகளின் எச்சில்தான் அசிங்கம்! பித்தத்தைவிட இந்த மனுஷிதான் குமட்டினாள். குனிந்து, பையின் மூடியைத் திறந்து, வேறு தம்ளரில் பிடித்தாள். வடிகட்டவில்லை, பழச்சாறும் ஊற்றவில்லை. சூடு ஆறாமல் இருந்தது.

"இதுல என் வாய் படல."

இனிச் சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சோப்பம்மா வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பாதியில் வாய்வரை திரும்பி வந்ததையும் விழுங்கினாள். கடைசிச் சொட்டுவரை மருமகள் நின்று பார்த்தாள்.

பிறகுதான் கழிவறைக்கு ஓடினாள். காலையில் தின்றது முழுக்க வந்தது. அதற்கப்புறம் வெறும் பச்சைத் தண்ணீராக வந்தது. அதில் எது தன்னுடையது, எது அத்தையுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.