அக்காவின் புதுப் பல்

ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று வக்கீல் அம்மாள் சொல்லியிருந்தாள். மனது சமாதானமாகிவிட்டது. முழங்காலுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. மேஜைக்கு அடியில் அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

என் வீட்டில் இணையத்தை வெட்டிவிட்டார்கள். அதனால் வீடியோவில் நடக்கும் திவால் கூட்டத்துக்கு அக்கா லொரெட்டாவின் சமையலறையில், அவளுடைய லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பின்னால் அவள் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள்.

தன் அம்மா செய்வதுதான் நல்ல பியரோகிக் கொழுக்கட்டை என்று ஒவ்வொருவனும் நம்பும் டொலீடோவில், அதை வண்டியில் வைத்து விற்கக் கிளம்பிய புத்திசாலி நான். வண்டி படுத்தபோது லொரெட்டாதான் பணம் கொடுத்தாள். இந்த வசந்தத்தில் வருமான வரிப் பணம் திரும்பி வந்ததும், கிரெடிட் கார்டுக்காரர்களை எல்லாம் காத்திருக்கவிட்டு முதலில் அவளுக்குத்தான் கொடுத்தேன். அவள் அதில் பல் கட்டிக்கொண்டாள். வாயைக் கையால் மூடிக்கொண்டே சிரித்துப் பழகியவள், இப்போது டிவி விளம்பரத்துக்குக்கூடச் சிரிக்கிறாள்.

அந்த ஆண்டில் நான் செய்த ஒரே யோக்கியமான காரியம் அதுதான் என்று நினைத்திருந்தேன். திவால் மனுவில் சொந்தக்காரர்களுக்கு ஏதாவது கொடுத்தாயா என்று கேட்டிருந்த இடத்தில் ‘இல்லை’ என்று போட்டிருந்தேன். அக்காவுக்குத் திருப்பிக் கொடுத்ததை யாராவது அதில் சேர்ப்பார்களா? சேர்ப்பார்களாம். இன்று காலை வக்கீல் அம்மாள் பேச்சுவாக்கில் சொன்னாள்: ஒரு வருஷத்துக்குள் குடும்பத்தாருக்கு அடைத்த கடனை டிரஸ்டி, அதாவது கோர்ட்டு சார்பில் கணக்குப் பார்க்கிறவர், அவர்களிடமிருந்தே பிடுங்கி, கடன் கொடுத்த எல்லாருக்கும் பங்கு போடலாம். “அப்படியா” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வீரன்.

திரையில் ஒரு கட்டத்தில் வக்கீல் அம்மாள் இருந்தாள், இன்னொன்றில் டிரஸ்டி ஹாலரன் வந்தார். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். சத்தியம் வாங்கினார்.

“அறையில வேற யாராவது இருக்காங்களா, மிஸ்டர் வில்சாக்?”

“அக்கா இருக்கா சார். காதுல விழாத மாதிரி நிக்கிறா.”

“நல்லா விழுது” என்றாள் லொரெட்டா.

வண்டியைப் பற்றிக் கேட்டார். வீட்டைப் பற்றிக் கேட்டார். நான் தண்ணீர் குடித்தேன், எழுந்தேன், மறுபடியும் உட்கார்ந்தேன்.

“போன ஒரு வருஷத்துல சொந்தக்காரங்க யாருக்காவது கடனைத் திருப்பிக் கொடுத்தீங்களா?”

‘இல்லை’ என்றால் பொய்ச் சத்தியம். கடன் தள்ளுபடியே போய்விடலாம். ‘ஆமாம்’ என்றால் பின்னால் வெங்காயம் வதக்குகிறவள் தலையில் விடியும். நான் மறுபடியும் தண்ணீர் டம்ளரை எடுத்தேன். அது காலி.

“மிஸ்டர் வில்சாக்? கேக்குதா?”

“ஆமா சார். கொடுத்தேன். அக்காவுக்கு. ரெண்டாயிரத்து எண்ணூறு டாலர்.”

வக்கீல் அம்மாள் தன் கட்டத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டாள். அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது.

“அதுக்கென்ன இப்போ?” லொரெட்டா என் தோளுக்கு மேலாகக் குனிந்தாள்.

“மேடம், அந்தப் பணத்தை நீங்க திருப்பிக் கட்ட வேண்டி வரும்.”

“அது இப்போ என் வாயில இருக்கு!” திரைக்கு மிக அருகில் பல்லைக் காட்டினாள். “கழட்டித் தரவா?”

ஹாலரன் இருமினார். இருமல் முடிய நேரமானது. “பல்லு எங்களுக்கு வேணாம்மா. பணம்தான். தவணையா கட்டினாலும் ஒத்துக்குவேன்.” பிறகு என்னைப் பார்த்து, “மனுவைத் திருத்திக் கொடுங்க. இப்பவாவது சொன்னீங்களே” என்றார்.

திரை அணைந்தது. வெங்காயம் கருகிய வாசனை.

“உனக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“காலையிலதான்க்கா.”

“என் வீட்டுல, என் காபியக் குடிச்சிட்டு, ஒரு வார்த்த சொல்லல.”

“இல்லன்னு சொல்லிடலாமான்னு பார்த்தேன்.”

“நீயா? சின்ன வயசுல பிஸ்கட் திருடினாக்கூட உன் காலு ஆடிக் காட்டிக் கொடுத்துடுமேடா கழுதை.” அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் பாதத்தை என் பாதத்தின் மேல் அழுத்தினாள். “அப்போ நான் அவங்களுக்குக் கட்டணும். நீ மறுபடியும் எனக்குக் கடன்காரன்.”

“சட்டப்படி அதுவும் தள்ளுபடியாயிடும்க்கா.”

“கோர்ட்டு தள்ளட்டும். நான் தள்ளல. ஞாயித்துக்கிழமை வந்து கூரைத் தண்ணிக் குழாயெல்லாம் சுத்தம் பண்ணு. முதல் தவணை.”

சிரித்தாள். பழைய பழக்கத்தில் கை பாதி வரை எழும்பியது. பிறகு அதை இறக்கி, எழுந்து போய்க் கருகாத வெங்காயத்தைப் பொறுக்க ஆரம்பித்தாள்.