நுரைத்த ஏழாம் நம்பர்

நிசாந்தினியின் கறுப்பு தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. வாளிக்குள் தண்ணீர், அதற்கு மேல் கரித்தூள். தடியை விட்டுக் கிண்டினாள். தூள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது, பிறகு திரும்ப வந்து மேலே படுத்துக்கொண்டது. விரலை விட்டு எடுத்தாள். விரல் நனைந்திருந்தது, தூள் நனையவில்லை.

வவுனியாப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில், அச்சுப் பகுதியில் இரவு வேலை பார்த்தவள் அவள். தூக்கமும் கெட்டு வாயும் கெட்டுப்போன ஒரு நாளில் வேலையை விட்டுவிட்டுக் கிளிநொச்சிக்கு வந்து, வீட்டோடு ஒரு தகரக் கொட்டில் போட்டு, உடுப்புக்கு அச்சடிக்கத் தொடங்கினாள். தொழிற்சாலையில் மை வாளியில் தயாராக வரும். அதைக் கலக்குவது பகல்காரர். வெள்ளைப் பிளாஸ்டிக் கானிலிருந்து எதையோ ஊற்றுவார்கள் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

முதல் பெரிய வேலை பரந்தன் பக்கத்து இளந்தென்றல் கழகத்துப் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு. மஞ்சள் ஜேர்சி, முதுகில் கறுப்பு நம்பர். இது சரிவந்தால் கொட்டில் கடையாகும். சரிவராவிட்டால் திரும்பவும் இரவு வேலைதான். பழைய சூப்பர்வைசர் அதற்காகவே போன் எடுத்துக்கொண்டிருந்தார். “மாசம் முடியிறதுக்குள்ள சொல்லுங்கோ தங்கச்சி, மெசின் சும்மா நிக்குது.”

“அம்மா, அம்மியை ஒருக்காத் தாங்கோ. அரைச்சா இறங்கும்.”

“தாறன். பிறகு சம்பலை என்ன நிறத்தில தின்னப் போறாய்?” என்ற சுப்பம்மா, நம்பிக்கையில்லாமல் அம்மியின் மேலேயே ஏறி இருந்துகொண்டாள்.

அரைக்க வழியில்லை. நிசாந்தினி குசினியில் இருந்த பாத்திரம் கழுவுகிற லிக்விட்டை எடுத்து ஒரு மூடி ஊற்றினாள். அவ்வளவு நேரமும் முறுக்கிக்கொண்டு நின்ற தூள் சத்தமில்லாமல் உள்ளே போனது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கரிக்கும் தண்ணீருக்கும் ஆகாது. சோப்பு ஒரு கலியாணத் தரகர். ஒரு கையால் கரியைப் பிடிக்கும், மற்றக் கையால் தண்ணீரைப் பிடிக்கும், இரண்டையும் ஒரே வீட்டில் குடியிருத்திவிடும்.

ஆனால் அடியில் கட்டிகள் கிடந்தன. அரைத்துக் கரைக்க வேண்டிய கட்டிகளை அவள் சோப்பால் கரைக்கப் பார்த்தாள். இன்னொரு மூடி. பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் தட்டி, தண்ணீர் விட்டுக் குலுக்கியும் ஊற்றினாள். மை பட்டாய் வழுவழுத்தது. பசை சேர்த்தாள், அச்சடித்தாள், ஸ்திரிக்கைப் பெட்டி வைத்துச் சூடு காட்டினாள். பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை. நனைத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அந்தக் கிழமை முழுக்க வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

மேகம் அரையிறுதிக்குத்தான் வந்தது.

எதிரணி முல்லைத்தீவிலிருந்து வந்திருந்தது. தும்பைப்பூ மாதிரி வெள்ளை ஜேர்சி. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. இளந்தென்றலின் முன்வரிசைக்காரி யதுர்ஷிகா ஒருத்தியைத் தள்ளி விழுத்தினாள். நடுவர் ஓடி வந்து மஞ்சள் அட்டையை எடுத்து, நம்பர் எழுதுவதற்கு அவள் முதுகைப் பார்த்தார்.

“பிள்ளை, நீர் எத்தினையாம் நம்பர்?”

“முதுகில இருக்குச் சேர்.”

“முதுகில நுரைதான் இருக்கு.”

உண்மைதான். ஏழாம் நம்பர் பொங்கிக்கொண்டிருந்தது. நடுவர் விரலால் நுரையை வழித்துப் பார்த்தார். ஏழின் மேல்கோடும் விரலோடு வந்துவிட்டது. அதே விரலால் விசிலைப் பிடித்து ஊதினார். உதடு கறுத்தது. கரையில் நின்றவர்கள் மழையை மறந்து சிரித்தார்கள். நிசாந்தினி மட்டும் குடையை முகத்துக்கு இறக்கினாள்.

தரகர் கூட்டம் செய்த வேலை என்று அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. சேர்த்து வைத்த தரகர் பிறகு வீட்டில் நிற்கக்கூடாது. நின்றால், அடுத்த தண்ணீர் வாசலுக்கு வந்ததும் கரியின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். அவளோ ஒருவர் போதுமான இடத்தில் ஒரு பஸ் நிறையத் தரகரை இறக்கியிருந்தாள்.

ஆட்டம் தொடர்ந்தது. ஆனால் வெள்ளை ஜேர்சிக்காரிகள் கிட்டப் போகவில்லை.

“மறியடி! மறியடி!” என்று அவர்களின் பொறுப்பாளர் யோகலிங்கம் கரையிலிருந்து கத்தினார்.

“கிட்டப் போனாக் கறுப்பு ஒட்டுது சேர்!”

யதுர்ஷிகா கையை விரித்துக்கொண்டு ஓடினாள். பாதை தானாகத் திறந்தது. கோல் காப்பாளரும் ஒரு அடி விலகினாள். பந்து உள்ளே போனது. அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது.

யோகலிங்கம் குதித்தார். “இது உதைபந்தாட்டமோ, கரி பூசுற விளையாட்டோ?” முறைப்பாட்டைக் கேட்ட போட்டி ஏற்பாட்டாளர்கள் முடிவை மாற்றவில்லை. ஆனால் இறுதியாட்டத்தில் நம்பர் அழிந்தால் அணியை வெளியே போடுவோம் என்றார்கள். யோகலிங்கம் கறைபட்ட ஜேர்சிகளை ஒரு உரப்பையில் திணித்து நிசாந்தினியின் காலடியில் போட்டார். “தோச்சுத் தாங்கோ. கறை இருந்தா புதுசு வாங்கித் தரோணும்.”

இளந்தென்றலின் பயிற்சியாளர் விமலேஸ்வரி ரீச்சர் சத்தம் போடுகிறவர் அல்ல. அதுதான் பயம். “சனிக்கிழமை நம்பர் நிக்கோணும், நிசாந்தினி. இல்லையெண்டா இனி எங்கட உடுப்பு வவுனியாவுக்குத்தான் போகும்.”

“ஓம் ரீச்சர்.”

“ஓம் எண்டது விளங்குது. நிக்குமோ?”

“நிக்கும்.”

மறுநாள் கிணற்றடியில் வெள்ளை ஜேர்சிகளைத் தொட்டிக்குள் போட்டாள். சோப்பை எடுக்கத் திரும்பியவள் அப்படியே நின்றாள். தண்ணீர் தானாகக் கறுத்துக்கொண்டிருந்தது. கசக்கினாள். கறை அதற்குள்ளேயே இருந்த சோப்பில் நுரைத்துக்கொண்டு ஓடியது. மஞ்சள் ஜேர்சிகளையும் தூக்கிப் போட்டாள். நம்பர்கள் எல்லாம் போய், கடையில் வாங்கின நாளைப் போல வெறும் முதுகுகள் வந்தன. கெட்டதிலும் இவ்வளவு சுத்தமாகக் கெட்டிருக்கிறோமே என்று நினைத்தாள். புது ஜேர்சி வாங்கத் தேவையில்லை.

இந்த முறை மையைச் சரியாகச் செய்தாள். தூளில் ஒரு பிடி, நனையும் அளவுக்குச் சொட்டுச் சொட்டாய் லிக்விட், மாப்போலக் குழைக்கக் கொஞ்சத் தண்ணீர். உடைந்த தரை ஓட்டில் அதைப் பரப்பி, வெறும் சோடாப் போத்தலை உருட்டித் தேய்த்தாள். தோள் கழன்றது. கட்டிகள் போன பிறகுதான் தண்ணீரும் பசையும் சேர்த்தாள். கொஞ்சத்தைப் போத்தலில் குலுக்கினாள். நுரை வந்து, உடனே அடங்கியது. துணித்துண்டு ஒன்றில் அடித்து, சூடு காட்டி, வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, கல்லில் அடித்துத் தோய்த்தாள். நம்பர் அசையவில்லை. துணிதான் கிழிந்தது.

சனிக்கிழமை மழை இன்னும் மோசம். இளந்தென்றல் நான்கு கோல் வாங்கித் தோற்றது. நம்பர்கள் மட்டும் மைதானத்தின் மற்றக் கரையிலிருந்தும் வாசிக்கும்படி கறுகறுவென்று நின்றன. சனமும் வாசித்தது.

“அந்த ஏழு! ஏழுதான் பந்தை விட்டது!”

“ஏழை வெளியால எடுங்கோ ரீச்சர்!”

“ஏழுக்குக் கால் இல்லையோ!”

ஆட்டம் முடிந்து விமலேஸ்வரி ரீச்சர் சேற்றைக் கடந்து வந்தார். யதுர்ஷிகாவைப் பிடித்துத் திருப்பி, நகத்தால் ஏழைச் சுரண்டிப் பார்த்தார்.

“நம்பர் நிக்குது. ஆக்கள்தான் நிக்கேல்ல.” பிறகு நிசாந்தினியைப் பார்த்தார். “வாற வருச உடுப்பும் நீரே செய்யும். சின்னப் பிள்ளையளின்ர அணிக்கும் சேர்த்து.”

நிசாந்தினிக்குச் சூப்பர்வைசரின் சும்மா நிற்கிற மெசின் நினைவுக்கு வந்தது. நிற்கட்டும்.

“நம்பருக்கு மேல பேரும் போடட்டோ ரீச்சர்? இப்ப எல்லாரும் போடினம்.”

“போடும்.”

“ஐயோ, பேர் வேண்டாம் அக்கா!” என்று யதுர்ஷிகா கத்தினாள். “உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும். போட்டாலும் அந்தப் பழைய மையில போடுங்கோ!”