கேளாதவர் கணக்கு

சனிக்கிழமை காலை, பின்னால் இன்னொரு லொறியில் சந்தைக்குப் போன சீவரத்தினம் எடுத்த போன் இரண்டு வசனத்தோடு நின்றுவிட்டது. "அக்கா, அண்ணையின்ரை பட்டா மீசாலையிலை வயலுக்கை கவிண்டிட்டுது. அண்ணை உள்ளுக்கை..." அவ்வளவுதான், சிக்னல் போயிற்று.

சுபாஸ்கரன் சண்டிலிப்பாய்த் தோட்டங்களில் மரக்கறி ஏற்றிக்கொண்டு கொடிகாமம் சந்தைக்கு ஓட்டும் குட்டி லொறிதான் பட்டா. உள்ளுக்குள் என்றால் உயிரோடா, இல்லையா? அவருடைய மனைவி தேவமலர் திரும்பத் திரும்ப எண்ணை அழுத்தினாள். தொடர்பு கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டை மூன்று மொழியிலும் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் தேவமலரைப் பிடித்து உலுப்பியது இனி எப்படிச் சீவிப்பது என்ற யோசனையல்ல. இந்த மனுசன் இப்போது எங்கே போய் நிற்கிறார் என்பதுதான். மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு தவறாமல் தேவாலயம் போனவளுக்கு அதற்கு விடை தெரியவில்லை. அவர் சைவம். கல்யாணத்தைப் பதிந்த எழுத்தன்றே இருவரும் பேசி முடித்த ஒப்பந்தம் ஒன்று இருந்தது: அவருக்கு அவர் திருநீறு, அவளுக்கு அவள் வேதம், ஒருவரை ஒருவர் இழுப்பதில்லை. தேவமலர் யாழ்ப்பாணத்தில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். பேசி முடித்ததைப் பிறகு புரட்டுவது அந்த வீட்டில் களவுக்குச் சமம். இத்தனை வருடத்தில் அவருக்கு அவள் வேதத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

மத்தியானம் சுபாஸ்கரன் ஓட்டோவில் வந்து இறங்கினார். தலையெல்லாம் சேறு, வாயெல்லாம் பல். "கத்தரிக்காய் முழுக்க வயலுக்கை நீந்துது," என்றார். தேவமலர் கையிலிருந்த துவாயால் அவருக்கு நாலு விளாசு விளாசிவிட்டு அழுதாள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் றொபின் பாஸ்ரரை வாசலில் மறித்தாள். படித்துவிட்டுப் புதிதாக வந்த பிள்ளை.

"பாஸ்ரர், சுவிசேஷம் கேளாமல் செத்த ஆளுக்கு அங்கை இடமிருக்கோ?"

"கேட்டால்தானே அன்ரி நம்பலாம். கேளாமல் போனவையின்ரை கணக்கு கர்த்தரின்ரை கையிலை."

"கையிலை எண்டால் உள்ளுக்கோ, வெளியிலையோ?"

"அது அவருக்குத்தான் தெரியும்."

"ஒரு குத்துமதிப்பாச் சொல்லுங்கோவன்."

பாஸ்ரருக்கு வியர்த்துவிட்டது. "அன்ரி, நீங்களே ஒருக்கா அங்கிளுக்குச் சொல்லிப் பாருங்கோ," என்று கழன்றுகொண்டார்.

திங்கட்கிழமை விடிய, நிமிர்த்தித் திருத்திப் பீற்றூட் ஏற்றிய பட்டாவில் தேவமலர் ஏறி உட்கார்ந்தாள். ஒருநாளும் ஏறாதவள். ஓடுகிற வண்டியில் மனுசன் எழும்பிப் போக முடியாது என்பது அவள் போட்ட திட்டம். அரியாலை தாண்டியதும் தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ, எழுத்தண்டு பேசின பேச்சை முறிக்கப் போறன்."

சுபாஸ்கரனின் கை ஸ்ரேறிங்கை இறுக்கியது. "என்னை விட்டிட்டுப் போகப் போறீரோ?"

"விசரே உங்களுக்கு? உங்களையும் கூட்டிக்கொண்டு போகப் பாக்கிறன்."

சனிக்கிழமை தான் பட்ட பாட்டையும் பாஸ்ரர் சொன்னதையும் மூச்சு விடாமல் கொட்டினாள். சுபாஸ்கரன் வியாபாரி. முழுவதையும் கேட்டுவிட்டு ஒரேயொரு நூலைப் பிடித்து இழுத்தார்.

"கேளாதவன்ரை கணக்கு ஆற்றை கையிலை எண்டவர்?"

"கர்த்தரின்ரை."

"நல்ல கைதானே?"

"அதைவிட நல்ல கை வேறை ஏது?"

"அப்ப அந்த நல்ல கையிலை பத்திரமாக் கிடக்கிறதை எடுத்து, பட்டாவைக் கவிழ்க்கிற என்ரை கையிலை ஏனப்பா தாறீர்?"

நாவற்குழிப் பாலம் வந்தது. தேவமலர் வீம்போடு வேதத்திலிருந்து ஒரு கதையைத் தொடங்கினாள். "ஒரு தேப்பனுக்கு ரெண்டு பொடியள்..."

"இளையவன் காசை அழிச்சுப்போட்டுப் பண்டியோடை கிடந்தவன். மூத்தவன் கோவிச்சுக்கொண்டு முற்றத்திலை நிண்டவன். எனக்கு மூத்தவனிலைதான் பாவம்."

தேவமலர் அவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு ஆர் சொன்னது?"

"நீர்தான். விடியப்புறத்திலை குசினி அடுப்படியிலை ஆர் சத்தமா வேதம் வாசிக்கிறது? நான் முற்றத்திலை மூட்டை ஏத்துறன். தெருவாலை போற சனத்தைக் கொப்பற்றை துணிக்கடைக்குள்ளை கூப்பிட்ட அதே குரல். மதிலுக்கு அங்காலை பத்மாவதி வாளியை வைச்சிட்டு நிண்டு கேக்கிறவ. நீர் காய்ச்சலிலை கிடந்த அண்டு, அந்த இளைய பொடியன் வீடு வந்து சேந்தானோ எண்டு என்னட்டை வந்து விசாரிச்சவ."

தேவமலருக்கு முதலில் சந்தோசப் புளுகம் பொங்கியது. அடுத்த கணம் தங்கள் சந்து வீடுகளை விரல் விட்டு எண்ணினாள். "அப்ப ஒழுங்கையிலை ஒருத்தரும் இனிக் கேக்கேல்லை எண்டு சொல்ல ஏலாது."

"ஏலாது. எல்லாற்றை கணக்கையும் நீர் கெடுத்துப்போட்டீர்."

"சிரியாதேங்கோ. கேட்டனீங்கள் சரி. கேட்டு என்ன முடிவு?"

அவர் ஹோர்ன் அடித்து அடித்துச் சாவகச்சேரி நெரிசலுக்குள்ளால் வண்டியை வெளியே எடுத்தார்.

"எனக்குப் பிடிச்சது நீர் வாசிக்கிற அந்தத் தோட்டக்கார முதலாளி. விடிய வந்தவனுக்கும் பொழுதுபட வந்தவனுக்கும் ஒரே கூலி. கொடிகாமத்திலை அப்பிடிக் கடை போட்டால் ஒரு கிழமை தாங்காது. ஆனால் கூலிக்குப் போறதெண்டால் நான் அந்தாளிட்டைத்தான் போவன். பொழுதுபடேக்கை என்னை எடுத்தாலே போதும்."

"பொழுது எப்ப படும் எண்டு தெரியுமோ? சனிக்கிழமை பட்டிருக்கும்."

சுபாஸ்கரனின் சிரிப்பு நின்றது. மீசாலை வயல் வந்தது. வரம்போரத் தண்ணீரில் ஊதாக் கத்தரிக்காய்கள் இன்னும் மிதந்தன. அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"கவிண்டு கிடக்கேக்கை ஆரை நினைச்சனீங்கள்?" என்றாள் தேவமலர்.

"முருகா எண்டு கத்தினன். கதவு திறபடேல்லை. பிறகு உம்மடை ஆளையும் கூப்பிட்டன்."

"இயேசுவையோ?"

"ஓம். அப்பவும் திறபடேல்லை. சீவரத்தினம் வந்து என்ரை பக்கத்துக் கண்ணாடியை உடைச்சு இழுத்தவன்."

"கூப்பிட்டனீங்கள்தானே?"

"முருகனுக்குப் பிறகு. முருகனை நான் விடவும் மாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்."

"முந்தி பிந்தி அவர் பாக்கிறதில்லை எண்டு நீங்கள்தானே சொன்னியள்."

சொல்லிவிட்டு அவர் முகத்தைத் துருவினாள். தன்னைச் சமாதானப்படுத்தச் சொன்ன பேச்சோ? கடையில் வளர்ந்தவளுக்கு ஒன்று தெரியும், பொய் விலை சொல்பவன் கண்ணை நேரே பார்த்துத்தான் சொல்லுவான். சுபாஸ்கரன் அவள் பக்கமே திரும்பவில்லை. காது மடல் சிவக்கக் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் சொன்ன விலைக்கு ஒரு சாமானும் வாங்கியறியாத தேவமலர், இதில் ஒரு சதமும் குறைத்துக் கேட்கவில்லை.

"சரி," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்போதைக்குப் போதும்."

"இப்போதைக்கு எண்டால்?"

"நாளைக்கும் வருவன்."

அவர் பெருமூச்சோடு கியரைப் போட்டார். பட்டா உறுமிக் கிளம்பியது. தேவமலர் தன் பக்கத்து யன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, ஞாயிறு பாடிய ஞானப்பாட்டை முழுக் குரலில் எடுத்தாள். சைக்கிளில் வெற்றிலைக் கட்டோடு போன கிழவர் திடுக்கிட்டு ஓரம் கட்டினார்.