ஒயரைப் பிடுங்கிய பிறகும் பேசிய பதினேழு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் நாற்பது கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் சுட்டி என்றே கூப்பிடுவார்கள். புதிய ரிப்போர்ட் மென்பொருளை மேசை மேசையாகப் போய் ஏற்றி மாளாது என்று, அந்த வேலையை ஒரு தானியங்கிக் கருவியிடம் விட்டிருந்தாள். எந்தக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கவேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தால் போதும். கருவி அரைமணிக்கு ஒருமுறை சரிபார்த்து, இல்லாததை ஏற்றிவிடும்.

முப்பத்தொன்பது ஒழுங்காக இருந்தன. பதினேழு என்று பெயர் வைத்த ஒன்று மட்டும் படுத்தி எடுத்தது. 'இருக்கிறது' என்று தகவல் வரும். ஐந்து நிமிடத்தில் 'இல்லை' என்று வரும். ஓடிப்போய்ப் பார்த்தால் மென்பொருள் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

பதினேழில் வேலை செய்தவள் அவளுடைய அண்ணி.

"அண்ணி, நீங்க ஏதாவது அழிக்கிறீங்களா?"

"எனக்கு எதுக்குடி அந்த வேண்டாத வேலை?"

"அப்ப தானாவா போகும்?"

அண்ணி முகம் சுருங்கியது. மேசைக்கடியில் குனிந்து ஒயரைப் பிடுங்கினாள். "இந்தா. இப்ப யார் அழிக்கிறான்னு பாரு."

சுட்டி தன் இடத்துக்குத் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் திரையில் வந்தது: பதினேழு, மென்பொருள் இல்லை.

மின்சாரமே இல்லாதது எப்படிப் பேசும்? பட்டியலை அழித்துத் திரும்ப எழுதினாள். அடுத்த அரைமணியிலும் அதே பதில். அப்படியானால் பேசுவது வேறு எங்கோ இருக்கவேண்டும். எழுந்து அறை அறையாகத் தேடினாள்.

ரத்தம் எடுக்கும் அறையில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"இது ஏது?"

"நல்லாக் கேட்டே போ! அவசரத்துக்கு இருக்கட்டும்னு போன மாசம் நீதானே கொண்டாந்து வச்சே?" என்றாள் நர்ஸ்.

அப்போதுதான் உறைத்தது. அண்ணியின் கம்ப்யூட்டரில் இருந்ததை அப்படியே நகலெடுத்து இதில் போட்டவள் அவளேதான். பெயரை மாற்ற மறந்திருந்தாள். இரண்டும் தங்களைப் பதினேழு என்றே சொல்லிக்கொண்டிருந்தன. நர்ஸ் சேர்த்து வைத்த படங்களால் இதில் இடம் நிரம்பி, மென்பொருள் ஏறவே இல்லை; 'இல்லை' என்று சொன்னது இதுதான்.

படங்களை வேறிடத்துக்கு மாற்றி, நாற்பத்தொன்று என்று பெயர் வைத்தாள். மென்பொருள் ஏறியது.

அண்ணி ரிப்போர்ட்டுகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என் மேலதான் அண்ணி. பதினேழு ரெண்டு இருந்திச்சு."

"ரெண்டா? நான் இங்க இருந்தேன். அதுல யாருடி இருந்தா?"

"யாருமே இல்ல."

"ஆளே இல்லாம அது பேசிச்சு, திட்டு எனக்கா?" அண்ணி பேனாவைக் கீழே வைத்தாள். "ஒண்ணும் புரியல. அடுத்த தடவை முதல்ல அதைக் கேட்டுட்டு, அப்புறமா என்கிட்ட வா."