பந்தலுக்குள் நின்ற வண்டி

"வண்டி பந்தலுக்குள்ள வேணாம்ணே, ரோட்டுலயே நிக்கட்டும்" என்று தீயணைப்பு நிலைய அலுவலர் ஜெயபாண்டி காலையிலேயே படித்துப் படித்துச் சொன்னார். பாண்டிராஜ் கேட்டால்தானே. காளவாசல் பக்கம் அந்தத் தெரு வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வருசா வருசம் தீத்தொண்டு வாரத்தில் தீயணைப்பு வீரர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதும் அவர் ஏற்பாடுதான். "பின்னால வண்டி நின்னாத்தான சார் போட்டோ களை கட்டும், அஞ்சே நிமிசம்" என்று கெஞ்சி உள்ளே விடவைத்தார். வண்டிக்கும் ஒரு ரோஜா மாலை விழுந்தது. தெருவை முழுசாக அடைத்துப் பந்தல், வாசலில் பிளக்ஸ் வளைவு. அதில் வீரர்கள் படம் ஸ்டாம்பு அளவு, பாண்டிராஜ் படம் ஆள் உயரம். மனுசனுக்கு ஆசை இருக்கத்தானே செய்யும்.

அஞ்சு நிமிசம் முக்கால் மணி நேரமாகியும் மைக் அவர் கையை விட்டு இறங்கவில்லை. "கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர்ற சாமிங்க இவங்க" என்று அவர் குரல் தழுதழுத்தபோது ஜெயபாண்டியின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே எழுந்தவர் பொன்னாடையை உருவி நாற்காலியில் போட்டார்.

"பைபாஸ் பக்கம் ஒரு வீட்டுல கேஸ் பத்திக்கிச்சு. உள்ள ஒரு பிள்ள மாட்டிக்கிச்சாம். வழிய விடுங்க."

டிரைவர் கண்ணுச்சாமி ஏறி எஞ்சினைக் கிளப்பினார். முன்னால் மேடை, பின்னால் ஒட்டினாற்போல் ஒரு வெள்ளைக் கார். நிகழ்ச்சியைத் தொகுத்த பரீத் மைக்கைப் பிடுங்கிக் கார் நம்பரை வாசித்தார். கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பொறுப்பத்த பயலுக என்று பாண்டிராஜும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் உறைத்தது. பொன்னாடைப் பைகளை இறக்க, வண்டிக்குப் பின்னால் அவரே நிறுத்திய கார்.

சட்டைப் பையில் சாவி இல்லை. பொன்னாடைப் பையை மேடையிலேயே தலைகீழாகக் கொட்டி, பளபளப்புத் துணிகளுக்குள் இரண்டு கையாலும் துழாவினார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவி கிடைத்துக் காரை எடுத்து ஓரங்கட்டுவதற்குள், வண்டி பின்னால் வர இடம் வேண்டி வீரர்களே வளைவின் கம்புகளைப் பிடுங்கியிருந்தார்கள். கீழே விழுந்த அவர் படத்தின்மேல் சக்கரம் ஏறி வண்டி பின்னால் போயிற்று. "கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்று மட்டும் சொன்னார் ஜெயபாண்டி. ரெண்டு வார்த்தை நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பாண்டிராஜுக்கு.

விழாச் சாப்பாட்டுக்கு வந்திருந்த சமையல்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணே, இலையப் போட்டுறவா?"

பாண்டிராஜுக்கு அது காதில் ஏறவில்லை. சைரன் சத்தம் தூரமாகப் போகவே இல்லை, தெருமுனையிலேயே நின்று அலறியது. செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார்.

முனையில் வழியை அடைத்து வரிசையாகப் பைக்குகள். எல்லாம் விழாவுக்கு அவர் வருந்தி வருந்தி அழைத்தவர்களுடையது, எல்லாம் பூட்டிக் கிடந்தன. வீரர்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பாண்டிராஜ் குனிந்து ஒரு பைக்கின் பின்சக்கரத்தைப் பிடித்தார். முன்சக்கரத்தைப் பிடித்திருந்தவர் ஜெயபாண்டி. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"தூக்குங்கண்ணே" என்றார் ஜெயபாண்டி.

தூக்கினார். இன்னும் நாலு பைக் இருந்தது. வண்டியின் நெற்றியில் ரோஜா மாலை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.