சுண்ணாம்பு இல்லாத நாற்பது லீற்றர்

1976 ஒக்ரோபர் 11, திங்கட்கிழமை காலை, குருநகர் கடற்கரைக்கு அண்மையில் இருந்த கோழித்தீவனக் கம்பனியொன்றின் ஆய்வுகூடத்துக்குக் கொழும்பிலிருந்து பதிவுத்தபால் ஒன்று வந்தது.

அதைப் பிரித்தவள் பத்மாசினி. பண்டத்தரிப்பைச் சேர்ந்த இரசாயனப் பட்டதாரி. தீவனச் சாமான்களின் இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. கோழிக்குஞ்சு வளரத் தேவையான லைசீன் என்ற அமினோ அமிலத்தை இங்கேயே தயாரித்துக் காட்டுவதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பனம்பாகை ஊட்டி ஒருவகைப் பற்றீரியாவை வளர்த்தால் அது லைசீனைச் சுரக்கும். அந்தக் கலங்கல் திரவத்தை, கடுகளவு றெசின் மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாய்க்குள் மேலிருந்து விட வேண்டும். மணிகள் லைசீனைப் பிடித்துக்கொள்ள, பாகும் நிறமும் கீழே வழிந்து போகும். தண்ணீரால் கழுவிவிட்டு அமோனியாக் கரைசலை ஊற்றினால், பிடித்ததை மணிகள் விட்டுவிடும்.

புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. குழாயில் ஆறு முறையும் பிழைத்துப்போனது. வெளியேறும் தண்ணீரில் ஒரு சொட்டை வடிதாளில் வைத்து, நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கினால், லைசீன் இருக்கும் இடம் ஊதாவாகும். கழுவும்போது வரக்கூடாத ஊதா பளிச்சென்று வந்தது. அமோனியா விட்ட பிறகு வரவேண்டிய ஊதா மங்கிப்போய் வந்தது. கழுவியது போதாது என்று நினைத்து அவள் மேலும் மேலும் கழுவினாள். நிலைமை மேலும் மோசமானது.

கடிதத்தில் நான்கு வரிகள்தான். சனிக்கிழமை பத்து மணிக்குப் பணிப்பாளர் பரமலிங்கம் வருவார். ஐம்பது கிராம் சுத்தமான லைசீன் அன்று தராசில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வுகூடம் மூடப்படும், றெசின் கொழும்பு ஆலையின் நீராவிப் பொயிலருக்குப் போகும்.

"என்னவாம் மிஸ்?" என்று லியோன் கேட்டார். ஆய்வுகூட உதவியாளர். தகப்பனும் தம்பிமாரும் கடலுக்குப் போக, இவர் ஒருவர் மட்டும் கண்ணாடிக் குழாய்களோடு மாரடிப்பதாக வீட்டில் பகிடி.

"மூடப்போகினமாம் அண்ணை. றெசினையும் கொண்டுபோகினம். பொயிலருக்கு விடுற தண்ணியிலை சுண்ணாம்பு எடுக்கவாம்."

"அப்ப உது சுண்ணாம்பு தின்னுற சாமானோ?"

பத்மாசினி கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"என்ன சொன்னனீங்கள்?"

"பிழையா ஒண்டும் சொல்லேல்லையே..."

"நாங்கள் கழுவுற தண்ணி எந்தக் கிணத்துத் தண்ணி?"

லியோனுக்கு முகம் சுருங்கியது. "தண்ணியிலை மட்டும் குறை சொல்லாதேங்கோ மிஸ். ரண்டு கட்டை தூரம் வண்டில் தள்ளிக்கொண்டு வாறன். ஒரு சொட்டு உப்பு இல்லை. குடிச்சுப் பாருங்கோ, இளநி மாதிரி."

கடலோரக் கிணறுகள் உவர். அதனால் அங்கே தண்ணீரை நாக்கால்தான் தரம் பார்ப்பார்கள். உப்புக் கரிக்காவிட்டால் முதல்தரம். பத்மாசினியும் வாயில் விட்டுப் பார்த்துத்தான் அந்தக் கிணற்றுக்குச் சம்மதித்திருந்தாள். ஆனால் குடாநாடே சுண்ணக்கல்லின்மேல் கிடக்கிறது. அந்த இளநீரும் கல்லுக்குள்ளால் ஊறி வந்ததுதான். லைசீனைவிடக் கல்சியத்தை றெசின் இறுக்கமாகப் பிடிக்கும். ஊற்றிய ஒவ்வொரு வாளியும் லைசீனை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் கல்சியத்தை இருத்தியிருந்தது.

அவள் ஐதரோகுளோரிக் அமிலத்தைக் குழாய்க்குள் விட்டாள். கீழே வந்ததைச் சோதனைக் குழாயில் பிடித்து, அமிலத்தை அமோனியாவால் முறித்து, கல்சியம் இருந்தால் திரளவைத்துக் காட்டும் அமோனியம் ஒட்சலேற்று நாலு சொட்டு விட்டாள். குழாய் வெள்ளையாகத் திரண்டது.

"ஐயோ, பால்!" என்றார் லியோன்.

"பாலில்லை அண்ணை. உங்கடை இளநி." அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆறு கிழமைக்குப் பிறகு அன்றுதான் அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இனி வேண்டியது சுண்ணாம்பு இல்லாத நாற்பது லீற்றர் தண்ணீர். தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் ஆய்வுகூடத்து வாலை ஆவணியிலேயே எரிந்துபோயிருந்தது. லியோன் கராஜ் கராஜாக ஏறி இறங்கினார். பஸ் பிடித்துப் பருத்தித்துறை வரைக்கும் போனார். புதன் மாலை கணக்குப் பார்த்தபோது பற்றரிக்கு விடும் வடிநீர் ஒன்பது லீற்றர் சேர்ந்திருந்தது. எஞ்சிய லைசீன் திரவமோ ஐஸ்பெட்டியில் நாலே லீற்றர். இன்னொரு தொட்டி வளர்க்க நாள் இல்லை. இதுவும் பிழைத்துப்போனால் அதோடு சரி.

வியாழன் பகல் ஒரு மணிக்கு வடகிழக்கு கறுத்தது.

"மழை!" லியோன் வீட்டுக்கு ஓடினார். தகப்பனின் பழைய தோணிப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். பின்னாலேயே அவருடைய மனைவி ஸ்ரெல்லா கத்திக்கொண்டு வந்தாள்.

"உந்தப் பாயிலை மழை பிடிக்கப் போறாராம்! இருபது வரியம் கடல்லை ஊறின பாய். பிழிஞ்சால் ஒரு மூட்டை உப்பு வரும். மூளையை எங்கை வைச்சிட்டு வந்தனீங்கள்?"

அவள் கையில் ஐந்து வெள்ளை வேட்டிகள் இருந்தன.

"அடியே, கோயிலுக்குக் கட்டுற வேட்டியள்!"

"கட்டிக்கொண்டு போய் மழைதானே கேட்டனீங்கள்? வந்திட்டுது, பிடியுங்கோ."

முற்றத்துக் கம்பங்களில் துணியின் நாலு மூலையும் இழுத்துக் கட்டி, நடுவில் பாரம் வைத்து, கீழே கண்ணாடிச் சாடி வைப்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வேலை. லியோன் வழக்கப்படி குனிந்து முற்றத்தில் ஒரு கல்லைப் பொறுக்கினார்.

"கல்லு வேண்டாம்!" பத்மாசினி போட்ட சத்தத்தில் அவர் அதைக் கைநழுவ விட்டார். "அதுவும் சுண்ணக்கல்லு அண்ணை!"

ஐந்து வேட்டிகளுக்கும் நடுவில் போத்தல்களின் கண்ணாடி மூடிகள் ஏறின. மழை கொட்டியது. முதல் கால்மணி நேரத்துத் தண்ணீரை, வேட்டியில் காய்ந்திருந்த சவர்க்காரமும் துவைத்த கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பும் போகட்டும் என்று, பத்மாசினி ஊற்றிவிடச் சொன்னாள். நிலத்தில் ஓடிய தண்ணீரைப் பார்த்து ஸ்ரெல்லா தலையில் கைவைத்தாள். அடுத்த சாடியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒட்சலேற்று விட்டார்கள். மூன்று தலைகளும் சோதனைக் குழாயின்மேல் குவிந்தன. ஒன்றும் திரளவில்லை.

"பச்சைத் தண்ணி!" என்றார் லியோன். "மாதாவே, வெறும் பச்சைத் தண்ணி!"

மூன்று மணிக்குள் முப்பத்தாறு லீற்றர் சேர்ந்தது. அமிலம் கழுவிய றெசினை மழைநீரால் அலசினார்கள். நாலு லீற்றர் திரவத்தையும் விட்டார்கள். பிறகு கழுவத் தொடங்கினார்கள். லியோன் வடிதாளில் சொட்டு வைத்து, நின்ஹைட்ரின் தெளித்து, மின்னடுப்பின்மேல் பிடித்து, ஒவ்வொன்றாக உரக்க அறிவித்தார்.

"வெள்ளை. வெள்ளை. இதுவும் வெள்ளை. மிஸ், பன்ரண்டாவதும் வெள்ளை!"

வெள்ளி காலை ஏழு மணிக்கு அமோனியா விட்டார்கள். எட்டரைக்கு ஒரு சொட்டு ஓரத்தில் சிவந்து, நடுவில் கறுத்து, கத்தரிப்பூ நிறத்தில் விரிந்தது. அடுத்தது அதைவிடக் கடுமை. பத்மாசினி தாளைப் பறித்துக்கொண்டு யன்னல் வெளிச்சத்துக்கு ஓடினாள்.

"அண்ணை, வாளி!"

"வாளியில்லை மிஸ், சாடி. பதறாதேங்கோ." பதறிய லியோன் சாடிக்குப் பதிலாகப் புனலை நீட்டினார்.

பகல் முழுவதும் அந்தக் கரைசலைக் குறைந்த அழுத்தத்தில் வற்றவைத்தார்கள். மாலையில் அமிலம் சேர்த்து, மதுசாரம் விட்டு, ஐஸ்பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். சனி காலை ஆறு மணிக்குத் திறந்தபோது அடியில் வெள்ளைப் பளிங்குகள் படிந்திருந்தன. வடித்து, மதுசாரத்தால் கழுவி, உலர்த்தினார்கள்.

பரமலிங்கம் பத்து இருபதுக்கு வந்தார். தராசை வெறுமையாக ஒருமுறை சரிபார்த்தார். பிறகு பொடியை வைக்கச் சொன்னார். 61.4 கிராம். ஒரு சிட்டிகையைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைப் பேனாவால் வெட்டிக் கையொப்பமிட்டார். றெசின் குருநகரிலேயே இருந்தது.